பந்தி முடியும்வரை கேட்காத சேதி

ஞானசுந்தரி டீச்சர் காலமான சேதி எனக்கு ஒருநாள் தாமதமாகத்தான் வந்தது. ஆவுடையார்கோவில் பள்ளியில் நான் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, விராலிமலையிலிருந்து வந்த பஸ்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை எப்படிப்பட்டது என்பதை அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அதனால்தான் முகாமில் உடனிருந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில், கோடை விடுமுறைதோறும் விராலிமலையில் பள்ளிப் பெண்களுக்காக நாம் நடத்திய முகாம் நினைவிருக்கும். டீச்சர்தான் தலைவி. சமையல்கட்டு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பார்க்க வருவார்கள். அன்று கீற்றுக்கொட்டகை கல்யாண வீடாகிவிடும். வந்தவர்களைக் கவனிக்கும் விஷயத்தில் டீச்சரிடம் பேச்சு வாங்காத ஆள் நம்மில் யாருமில்லை.

நான் வாங்கியதைச் சொல்கிறேன். வெயிலில் நடந்து வந்த ஒரு தாயாரிடம், "சாப்பாடு போடவா?" என்று கேட்டுவிட்டேன். அவர் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "போடவான்னு கேட்டா, மானமுள்ளவ எவ போடுன்னு சொல்லுவா கமலம்? எலை போட்டாச்சு, வாங்கன்னு கூப்பிடு" என்றார். நான் போய் அப்படியே கூப்பிட்டேன். அந்த அம்மாள் எழுந்து வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

இன்னொரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பந்தியில் இடமில்லை. நம்மில் ஒருத்தி பதறிப்போய், சாப்பிட உட்கார்ந்திருந்த வண்டிக்காரரை எழுப்பப் போனாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அதிகாரியை நிழலில் உட்காரவைத்து, தாமே பானகம் கொடுத்து, அடுத்த பந்தியில் அமர்த்தினார். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுவருஷம் அவர் வரவேயில்லை. "வராட்டிப் போறாரு" என்று சொல்லிவிட்டு டீச்சர் தம் வேலையைப் பார்த்தார்.

அவருடைய முதல் கட்டளை ஒன்று உண்டு. வந்தவர் கை நனைக்கும்வரை எதற்காக வந்தார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் வரவேற்பிலே குறை வைத்ததாகிவிடும் என்பார். நம் ஊர்களில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். டீச்சர் அதை முகாமின் சட்டமாகவே ஆக்கிவிட்டார். அந்தச் சட்டம்தான் அவரைக் கடைசிவரை வதைத்தது.

ஒரு ஞாயிறு முற்பகல், கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி கருப்பையா வந்தார். அவர் மகள் செல்லம்மா முகாமில் இருந்தாள். வந்த பஸ் சற்று நேரத்தில் புதுக்கோட்டைக்குத் திரும்பிவிடும். அதை விட்டால் மறுநாள்தான். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு பஸ் ஓட்டிய காலம் அது. அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கும்பிட்டு வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, இலையில் உட்காரவைத்துவிட்டார். அன்று பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள் செல்லம்மா. அப்பாவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாலு பேர் சாப்பிடும் இடத்தில் கெட்ட சேதி பேசக் கூடாது என்று மனிதர் தலையைக் குனிந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தார். நாமும் கேட்கவில்லை.

கை கழுவிய பிறகுதான் டீச்சரிடம் வந்தார். "இவ ஆத்தாளுக்கு ரொம்ப முடியலைங்க. பிள்ளையப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே கெடக்கா. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

சாலைக்கு ஓடினோம். பஸ் போய்விட்டிருந்தது. டீச்சர் அலைந்து திரிந்து மாட்டுவண்டி பிடித்து, தாமும் கூடவே போனார். மறுநாள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் கண்ணை மூடி ஒரு நாழிகைகூட ஆகவில்லையாம். செல்லம்மா முகத்தைப் பார்த்தாள். குரலைக் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் டீச்சர் முகாம் வாசலில் தாமே நின்றார். தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போதே, "அவசரமா வந்திருக்கீங்களா?" என்று கேட்பார். வந்ததும் வராததுமாக விசாரிக்கிறார்களே என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நம்மிலும் சிலர் முணுமுணுத்தோம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

இனி நான் எழுதப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவென்று டீச்சர் கறம்பக்குடிக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். கருப்பையா எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலை போட்டார். தாமே நின்று பரிமாறினார். டீச்சர் பேச வாயெடுத்தபோதெல்லாம் குழம்பா ரசமா என்றார். வெற்றிலை கொடுத்தார், மழை இல்லாததைச் சொன்னார். பிறகு, "பஸ்ஸு வந்துரும், கெளம்புங்க" என்று அவரே எங்களை எழுப்பிவிட்டார். திரும்பும் வழியில் டீச்சர், "உப்புத் தின்னுட்டு வாரேன் கமலம், சொல்ல முடியலையே" என்று அழுதார். பிறகும் போனார். அப்போதும் இலைதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டார்.

டீச்சர் போன சேதியைச் சொல்ல, போன வாரம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். உள்ளே அழைத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சேதியைச் சொன்னேன். டீச்சர் அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், கேட்க வாய்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

கருப்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"தெரியும் கமலம் டீச்சர். சொல்ல விடக்கூடாதுன்னுதான் எலையப் போட்டேன். சொன்னா, பரவால்லைங்கன்னு நான் சொல்லணும்ல. அப்ப எனக்கு மனசு வரலை. இப்ப வருது. கேக்க அவங்க இல்லையே."

டீச்சரிடமிருந்து நான் எவ்வளவோ கற்றேன். அவை உங்களிடமும் இருக்கின்றன. என்னிடம் மட்டும் இருப்பது, அவருக்காகக் கருப்பையா சொன்ன அந்தப் பதில். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழியில்லை.