பேசாத டீச்சர்

ஒரு மணி நேர வகுப்பில் அவள் பேசுவது எட்டு நிமிடம். சும்மா சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன். எங்கள் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். நான் ஐம்பத்தைந்து நிமிடம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே வீட்டுக்குப் போவேன். சம்பளம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்.

பிழைக்க வந்த இடத்தின் மொழியைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிற பள்ளி எங்களுடையது. பதினெட்டு வருடமாக இருப்பதால் நான் பெரிய டீச்சர். மூன்று வருடம் முன்பு வந்த அவள் சின்ன டீச்சர். மனதுக்குள் நான் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். சேர வருகிறவர்கள் அவள் வகுப்பில் இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை என்றால்தான் என்னிடம் வருகிறார்கள்.

முதல் நாள் அவள் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். ஆளுக்கு ஒன்றிரண்டு அட்டை கொடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்வி: யாரிடம் பேச வேண்டும், என்ன சொல்ல வேண்டும்? தங்கள் தாய்மொழியிலேயே எழுதலாம். குழாய் ஒழுகுகிறது என்று வாடகை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அட்டைகளைச் சுவரோரக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவிடுவாள். அந்தப் பருவம் முழுக்க அவைதான் பாடம். போய் அந்த ஆளிடமே சொல்லிவிட்டு வந்தவர் தன் அட்டையைத் தானே கழற்றிக்கொள்ளலாம். அப்போது கைதட்டல் காதைப் பிளக்கும். இந்தப் பக்கம் என் மாணவர்கள் பாடத்தை விட்டுவிட்டுத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"பாடத்திட்டம்னு ஒண்ணு வேண்டாமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எதைச் சொல்லித்தரணும்னு அவங்களுக்குத்தான் தெரியும் டீச்சர். நான் அவங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவளுக்குக் கிடைக்காத மாணவர் ஒருவர் என்னிடம் இருந்தார். என் கணவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மேற்பார்வையாளர் ஆவதற்கு அந்த மொழியில் வாய்மொழித் தேர்வு உண்டு. அவரைத் தேற வைப்பது என் கௌரவப் பிரச்சினை. டீச்சர் வீட்டு ஆளே கோட்டை விட்டார் என்றால் நான் வெளியே தலைகாட்ட முடியுமா? வீட்டுக்குள் இனி அந்த மொழிதான் என்று சட்டம் போட்டேன். அவர் வாயைத் திறந்ததும் தப்பைப் பிடித்து அங்கேயே திருத்தினேன். இரண்டு வருடத்தில் ஐந்தாறு வாக்கியங்கள் அவருக்குப் பிழையில்லாமல் வந்தன. அவற்றை மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவார். முன்பெல்லாம் அவர் ஒரு கதையை ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். பரவாயில்லை, பாடம் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, திருத்த வேண்டிய தாள்களை எடுக்கப் பள்ளிக்குப் போனேன். சனிக்கிழமை வகுப்பு அவளுக்கு மட்டும்தான். அவர் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு முன்னமே கிளம்பியிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர், மூடமாட்டேன் என்று அடம்பிடித்த பேருந்துக் கதவின் கதையை அந்த மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு. வார்த்தை கிடைக்காமல் நடித்துக் காட்டினார் போலிருக்கிறது, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் ஆள் யாரென்று தெரிந்தது.

வேறொருத்தியோடு சினிமாவுக்குப் போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

எல்லோரும் மாடிப்படி இறங்கிப் போகும்வரை காத்திருந்து அந்த அறைக்குள் நுழைந்தேன். கயிற்றில் அவருடைய சாய்ந்த கையெழுத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. தேர்வு அதிகாரியிடம் என்று எழுதியிருப்பார் என நினைத்தேன்.

யாரிடம்: என் மனைவியிடம். என்ன: வேலையில் இன்று நடந்ததை, முழுதாக.

பலகை துடைக்கும் துணியோடு அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"தேர்வுக்கு எழுதின அட்டை எங்க?" அதைத்தான் கேட்க வந்தது எனக்கு.

"அதைப் போன வாரமே கழட்டிட்டாரே டீச்சர். பாஸ் பண்ணிட்டு வந்து..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "இது மட்டும்தான் மூணு மாசமா தொங்குது."

"எல்லாம் தெரிஞ்சும் நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான் சொல்லிட்டா அவர் எப்படி டீச்சர் அட்டையைக் கழட்டுவார்?"

எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கிறது.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்து, இன்று வேலை நன்றாக இருந்தது என்றார், அந்த மொழியில். ஒரு பிழை இல்லை.

"வேலையில என்னதான் நடந்துச்சு?" என்று எங்கள் மொழியில் கேட்டேன். நான் போட்ட சட்டத்தை நானே மீறினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "எந்த மொழியில சொல்லணும்?"

"உங்களுக்கு எதுல வருதோ அதுல."

அது அவள் சொல்லக்கூடிய பதில் என்பது வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. மறுபடியும் எரிந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த மொழியிலேயே ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே தப்பு. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.