அணைத்த பிறகு ஓடும் தண்ணீர்

என் கணவர் வீட்டுக்குள் பேசமாட்டார். பேசத் தெரியாதவர் அல்ல. எங்களுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, கரண்ட் பில்லுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் தவிர எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. தங்காமல் போன அந்த இரண்டு கருவைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. நானும் கேட்கவில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே கட்டிலில் படுத்து எழுந்துகொண்டிருந்தோம்.

ஆனால் கார் பானெட்டைத் திறந்துவிட்டால் மனிதர் பேசுவார்.

சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட், அதற்குள் அவருடைய பழைய பெட்ரோல் கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீ கொடுக்கப் போனவள், அவர் குரல் கேட்டு அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக எஞ்சின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பாலக்காட்டுக் காற்று தகரக் கதவை ஆட்டிவிட்டுப் போனது. அவர் தலை பானெட்டுக்குள் இருந்தது, பேச்சு மட்டும் வெளியே வந்தது. சின்ன வயதில் கிணற்றுக்குள் கண்ணைத் திறந்தபடி மூழ்கினால் தெரியும் பச்சை வெளிச்சம், ஃபவுண்டரியில் இரும்பு உருகும்போது முதலில் வரும் நிறம், இப்படி என்னென்னவோ. பாதித் தூக்கத்தில் கேட்பது போல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தவறவிட்டதில்லை. இந்தப் பேச்சின் போக்கில் என்றாவது அந்த இரண்டும் வந்துவிடும் என்று நம்பினேன். அதற்காகத்தான் கிரீஸ் வாடையில் போய் உட்கார்ந்தேன், காருக்காக அல்ல.

அப்போதுதான் அவருக்கு டர்போ ஆசை வந்தது. உக்கடம் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, பிறந்த பிள்ளையை ஏந்துவது போலத் துணியில் வைத்துக் காட்டினார். நத்தை மாதிரி சுருண்ட ஒரு சாமான். வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் உள்ளே ஒரு சக்கரம் சுற்றும், அந்தச் சுற்றில் எஞ்சினுக்குள் கூடுதல் காற்று போகும், வண்டி பறக்கும். சிக்கல் என்னவென்றால், அது அடுப்புக் கங்கு போலச் சூடாகும். ஆயில் மட்டும் போதாது, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் தண்ணீர் அதன் நடுவயிற்றுக்குள்ளும் போய்த் திரும்ப வேண்டும்.

ஆயில் லைன் சுலபமாக உட்கார்ந்தது. தண்ணீர் லைன்தான் எங்கே வைத்தாலும் எதையாவது இடித்தது.

"அம்மணி, நீதான தெனமும் பைப்பு வரையற. இதையும் வரைஞ்சு குடு பாக்கலாம்" என்றார்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருக்கிறேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து வரைந்தேன். டர்போவிலிருந்து திரும்பும் குழாய் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்து ஏறி, ஒரு பிராக்கெட்டைத் தாண்டி, மறுபடி இறங்கி, எஞ்சின் தண்ணீர் ஓடும் ஹீட்டர் ஹோஸில் போய்ச் சேரும். எதுவும் துருத்திக்கொண்டு தெரியாது. மாட்டி முடித்ததும் அவர் நான்கு பக்கமும் சுற்றிவந்து, "கண்ணுல ஒத்திக்கலாமாட்ட இருக்குது" என்றார். எங்கள் கல்யாண ஆல்பத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

கோயமுத்தூர்க்காரர்கள்தான் செய்யக்கூடிய தப்பு அது. தெருவுக்கு ஒரு வீட்டில் மோட்டாருக்கு ஏதாவது ஒரு பாகம் செய்கிற ஊர் இது. தள்ளினால்தான் தண்ணீர் போகும் என்பது எங்களுக்கெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. குழாய் மேலே போனால் என்ன, கீழே போனால் என்ன, எஞ்சினில்தான் பம்ப் இருக்கிறதே என்று இருவரும் இருந்துவிட்டோம்.

கோபிச்செட்டிபாளையத்தில் என் அம்மா வீட்டுக்குப் போவதுதான் முதல் ஓட்டம். அவிநாசி, நம்பியூர் வழியாக வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வாழைத் தோட்டங்கள் வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டோம். ஈரக் காற்றில் எனக்குக் கண் சொருகியது. டர்போ போட்ட வண்டியை நிறுத்தியதும் அணைக்கக் கூடாது, சற்று நேரம் ஓடவிட்டுச் சூடு தணிந்த பிறகு அணைக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சொன்னவர் எங்கள் ஊர் வழக்கத்தை மறந்துவிட்டார். வாசலில் அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டார் எல்லாரும் கைகூப்பி நிற்கிறார்கள். "வாங்க மாப்ள, வாங்க! எறங்குங்க! வாங்க!" என்று நிற்காமல் வருகிறது. அப்படிக் கூப்பிடும்போது மாமியார் முகத்துக்கு நேரே எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருக்க எந்த மாப்பிள்ளையால் முடியும்? சட்டென்று அணைத்துவிட்டு, "வாரேனுங்க, வாரேனுங்க" என்று இறங்கினார்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வண்டிக்குள் களக் களக் என்று சத்தம். பிறகு ஆவி. பிறகு அம்மா அப்போதுதான் கழுவி விட்டிருந்த வாசலில் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் ஓடியது.

"ஏனுங்க மாப்ள, வண்டிக்குள்ளார கொழம்பு ஏதாச்சுங் கொதிக்குதுங்களா?" என்றாள் அம்மா, நிஜமான அக்கறையோடு.

மானம் கப்பலேறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பினோம். அவிநாசி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். "வித்துப்போடலாம் அம்மணி. நமக்கெதுக்கு இதெல்லாம்?" மறுநாளே புரோக்கரிடமும் சொல்லிவிட்டார். அந்த வாரக் கடைசியில் ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

வண்டி போனால் ஷெட் வெறும் ஷெட். ஞாயிறு மற்ற நாட்களைப் போல ஆகிவிடும். அந்தக் குரலை நான் எங்கே போய்க் கேட்பேன்? இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மேல் கோபம்தான் வந்தது. அந்த வாரம் முழுக்கப் பாத்திரங்களை அளவுக்கு மேல் சத்தமாகக் கழுவினேன்.

சனிக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெயிலும் தூறலும் மாறி மாறி வந்துகொண்டிருந்த நாள். கை போக்கில் சோலார் ஹீட்டரின் குழாயைத் தொட்டுவிட்டுச் சுட்டுக்கொண்டேன். விரலை வாயில் வைத்தபடி அப்படியே நின்றேன். கீழே சாய்ந்து கிடக்கும் பலகையில் தண்ணீர் சூடாகிறது, மேலே இருக்கும் டேங்குக்குத் தானாக ஏறுகிறது. ஆறின தண்ணீர் அந்த இடத்துக்குத் தானாக இறங்கி வருகிறது. இதற்கு மோட்டார் எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. வருஷக் கணக்காக இந்தத் தண்ணீரில்தான் நான் குளித்துவிட்டுப் பம்ப் வரையப் போகிறேன்!

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். அவர் கடைசியாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வண்டிய அணைச்சா பம்ப்பும் நின்னுபோகுதுல்லீங்க? அப்பறம் டர்போவுல இருக்கற தண்ணிய யாருங்க தள்ளறது?"

"யாரும் தள்ளறதில்ல. அதனாலதான் கொதிக்குது."

"தள்ள வேண்டாமுங்க. வழி விட்டாப் போதும், அதுவே ஏறிக்கும்."

திரும்பும் குழாயை, அந்தப் பிராக்கெட்டைத் தாண்டும் மேட்டில் கழற்றினோம். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று மட்டும் அடைத்துக்கொண்டு, சூட்டுத் தண்ணீர் ஏற வழிவிடாமல் இருந்தது. நான் அழகென்று வரைந்த மேடு. அவர் அதை எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு புரோக்கருக்குப் போன் செய்து இந்த வாரம் வேண்டாம் என்றார்.

புதிய வழியில் அழகு கிடையாது. எஞ்சினின் அடியிலிருந்து தண்ணீர் டர்போவின் கீழ் வாய்க்கு வரும். மேல் வாயிலிருந்து கிளம்பும் குழாய் ஓர் இடத்தில்கூட இறங்காமல் ஏறிக்கொண்டே போய், இருந்த இடத்திலிருந்து உயர்த்தி மாட்டிய கூலன்ட் டேங்கில் சேரும். இரும்புக் குழாய் மடங்கி நசுங்காமல் இருக்க உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, நான் ஒரு முனையைப் பிடிக்க, அவர் சூடு காட்டி மெதுவாக வளைத்தார். வாரமெல்லாம் கேட்காத குரல் திரும்ப வந்தது. ஆனால் மணலைப் பற்றியும் சூட்டைப் பற்றியும்தான் பேசினார். நான் எதிர்பார்த்தது அன்றைக்கும் வரவில்லை.

மறு ஞாயிறு மறுபடி கோபி. அதே வாசல், அதே "வாங்க, வாங்க." அவர் உடனே அணைத்துவிட்டு இறங்கினார். நான் மட்டும் பானெட்டைத் தூக்கி, துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் குழாயைப் பிடித்தேன். எஞ்சின் செத்துக் கிடந்தது. குழாயின் கீழ்ப்பக்கம் இருந்த சூடு மெல்ல மெல்ல என் கைக்குக் கீழே நகர்ந்து மேலே போனது. சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அம்மா வந்து தோளைத் தொட்டு, "இலை போட்டாச்சு கண்ணு" என்றாள்.

பந்தியில் பெரியம்மா வழக்கமான பேச்சுக்கு வந்தாள். "அடுத்த வருசமாச்சும் ஒரு பேத்தியோ பேரனோ பாத்துப்போடோணும் மாப்ள. உங்களுக்கு அந்த நெனப்பே இல்லீங்களாட்டம்." இந்தப் பேச்சு வந்தால் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். அன்றைக்கு நானே குனிந்து, அவர் எழுந்திருக்க வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, பானெட்டுக்குள் தலையை விட்டுப் பேசும் அதே குரலில் சொன்னார்: "நெனப்பு இருக்குதுங்க பெரியம்மா. ரெண்டு வந்துட்டுப் போயிருச்சுங்க. மூத்தது இருந்திருந்தா இந்த வருசம் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கோணும். சின்னதுக்கு மூணு முடிஞ்சிருக்கும்."

இத்தனை வருஷமும் அந்த வயதுகளை நான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.