கடைசி மேசையில் ஆள் இருக்கிறார்

இது நிஜமாக நடந்தது. நம்பாவிட்டால் என் மேலாளர் மொரீனிடம் கேளுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் முகம் வெளுக்கும்.

வான்கூவரில் எங்களுடையது ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கம்பெனி. ஆட்கள் கிளம்பியதும் அவர்களுடைய கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்து, சினிமாக் காட்சிகளை ரெண்டர் செய்யவைப்பது, அதாவது கணக்குப் போட்டு முழுப் படமாக்கவைப்பது, என் வேலை. பிரேம் பிரேமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். யாராவது வந்து மௌஸைத் தொட்டால் அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் மரியாதையாக விலகிக்கொள்ளும்.

அன்று திங்கள், தாங்ஸ்கிவிங் பண்டிகை லீவு. எல்லோரும் வான்கோழி தின்னப் போய்விட்டார்கள். யார் மாமியார் வீட்டுக்கு, யார் பழைய காதலி வீட்டுக்கு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் மட்டும் ஆறிப்போன பீட்சாவோடு. மாலை ஆறுக்குள் ஒரு காட்சியை அனுப்பாவிட்டால் படம் கைவிட்டுப் போகும். கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

மூன்று மணிக்குக் கடைசி மேசைக் கம்ப்யூட்டர் விலகியது. 'ஆள் இருக்கிறார்' என்றது என் திரை.

அது கிளென்னுடைய மேசை. லீவே எடுக்காத மனுஷன். மனைவி விட்டுப்போனதே அதனால்தான் என்று பேச்சு. எட்டிப் பார்த்தேன்.

காலி நாற்காலி.

திரும்பச் சேர்த்தேன். விலகியது.

மௌஸைப் பிடுங்கினேன். கீபோர்டையும் பிடுங்கினேன். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

டக்... டக் டக்... கடைசி மேசையில் கீபோர்டு தட்டும் சத்தம்.

மொரீனுக்கு போன் போட்டேன். வாய் நிறையச் சாப்பாடு அவளுக்கு.

"கிளென் மெஷினா? அவன மாதிரியேதான் இருக்கும், சொன்ன பேச்சு கேக்காது. அத விட்டுட்டு ஓட்டுப்பா."

டக்... டக்...

பயப்படக்கூடத் தெம்பில்லை. அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்.

"போதும் கிளென். வீட்டுக்குப் போங்க."

சத்தம் நின்றது.

கடைசிக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்துகொண்டது. அடுத்த நொடி, எல்லாக் கம்ப்யூட்டர்களும் காட்சியை முதல் பிரேமிலிருந்து மறுபடி தொடங்கின.

நான் எதையும் தொடவில்லை.

நிறுத்தப் பார்த்தேன்.

நிற்கவில்லை...

5:52. முடிந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை மொரீன் வாயெல்லாம் பல்லாக வந்தாள். காட்சி பிடித்துவிட்டதாம், படம் எங்களுக்கேதானாம்.

"காட்சியில வர்ற பையன் காலடியில நிழல் தப்பா இருந்துச்சே, அத எப்ப சரி பண்ணே?"

எந்த நிழல்? என்னிடம் யாருமே சொல்லவில்லை. நான் போட்டது பழைய காட்சியைத்தான்.

"வெள்ளிக்கிழம கிளென்கிட்ட சொன்னேன். லீவன்னைக்கு வந்து முடிச்சிடுறேன்னானே..."

கிளென்னுக்கு போன் போட்டோம். எடுத்தது போலீஸ்காரர்.

சனிக்கிழமையே மாரடைப்பாம். தனியாளாச்சே, இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடும்வரை யாரும் தேடவில்லை.

வீட்டுக்குப் போங்க என்றேனே... அங்கேதான் கிடந்திருக்கிறார்.