காம்படியில் ஒரு கோடு

அவள் ஒரு மரத்திலும் ஏறியதில்லை. ஆனாலும் அந்த ஊர்ச் சாலையோர மரங்களில் எந்தக் கிளை உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று கீழே நின்றபடியே சொல்லிவிடுவாள். கயிறு பிடிப்பது அவள் வேலை. ஏறுகிறவன் அவள் புருஷன். ஆள் ஒல்லி, கிளைக்குக் கிளை தாவுகிற வேகத்தைப் பார்த்து வேலையாட்கள் அவனுக்கு அணில் என்று பெயர் வைத்திருந்தார்கள். கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பு வாரில் இருக்கும். மறுமுனை மேலே ஒரு கவட்டையைச் சுற்றிக் கீழே இறங்கி, அவள் இடுப்பையும் ஒரு சுற்றுச் சுற்றி, அவள் கைக்கு வரும். அவன் கால் வழுக்கினால் அவள் உடம்பின் கனம்தான் அவனை அந்தரத்தில் நிறுத்த வேண்டும்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ணால எடை போட்டுட்டேன். என்னைவிட ஒரு மூட்டை கூட இருந்தா. இவதான் சரின்னு முடிவு பண்ணிட்டேன்" என்பான், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம்.

"மேல இருக்கும்போது வாய் கொஞ்சம் அடங்கணும். கயிறு என் கையில" என்பாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

முதலில் அவள் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கயிறு பிடித்த ஆள் ஒருநாள் சிகரெட் பற்றவைக்கக் கையை விட்டான். அணில் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. "எவனோ புகை விடறதுக்கு என் புருஷன் உயிரை விடணுமா?" என்று இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தவள்தான், திரும்ப அதைத் தொடவில்லை. பொம்பளை கயிறு பிடிப்பதா என்று சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு மேஸ்திரி ஒன்றைக் கவனித்தான். மேலே இருக்கிறவனுக்கு இலைதான் தெரிகிறது, மரம் தெரிவதில்லை. அவளுக்கு மரம் தெரிகிறது. அதிலிருந்து அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. கீழே நிற்கிறவள் பார்த்துச் சொல்வாள், "உயிர்" அல்லது "சாவு" என்று. மேலே இருக்கிறவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கிளையில் கால் வைப்பான், அல்லது ரம்பத்தை வைப்பான். அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

இலையுதிர் காலத்தில்தான் அவள் கண்ணுக்கு வேலை அதிகம். கோடையில் பச்சைக்குள் செத்த கிளை ஒளிந்துகொள்ளும். குளிர்காலத்தில் எல்லாம் மொட்டை. உயிருள்ளதும் செத்ததும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். நடுவில் இலை நிறம் மாறும் அந்தச் சில வாரங்கள்தான் மரம் உள்ளதை உள்ளபடி காட்டும். குளிர்காலக் காற்றில் செத்த கிளை ஒடிந்து யார் தலையிலாவது விழுவதற்குள் அதைக் குறித்து வெட்டிவிட வேண்டும்.

இலை சாகிறது, அதனால் நிறம் மாறுகிறது என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. அவளுக்கு இது பாதி பார்த்துத் தெரிந்தது, பாதி ஒரு பழைய பாடப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்தது. பகல் குறைந்து இரவு நீள ஆரம்பித்ததுமே மரத்துக்குத் தெரிந்துவிடும். தெருவிளக்கை ஒட்டிய கிளைக்கு மட்டும் சேதி பிந்திப் போகும். மற்றதெல்லாம் மஞ்சளான பிறகும் அது விவரம் தெரியாத ஆளைப்போலப் பச்சையாகவே நிற்கும். இலையின் பச்சைதான் வெயிலைப் பிடித்து மரத்துக்குச் சாப்பாடு பண்ணுகிற சரக்கு. அதை வைத்துப் பராமரிப்பது லேசில்லை. வெயில் குறைந்ததும் மரம் அதை உடைத்து, உதவக்கூடியதையெல்லாம் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும், வீடு காலி செய்கிறவர்கள் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு போவதுபோல. பச்சை போனதும் மஞ்சள் தெரியும். அது புதிதாக வந்ததில்லை, கோடை முழுக்கப் பச்சைக்கு அடியிலேயே இருந்தது. சிவப்பு வேறு ஜாதி. அதை மரம் அப்போதுதான் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிருமாக இருந்தால் இலையில் சர்க்கரை தேங்கும். அந்தச் சர்க்கரையிலிருந்து வருவது சிவப்பு.

இதெல்லாம் நடக்கும்போது காம்பின் அடியில், கிளையைத் தொடும் இடத்தில், மெல்லிய கோடு ஒன்று விழும். கோட்டுக்குக் கிளைப் பக்கம் தக்கைபோல ஓர் அடுக்கு மூடிக்கொள்ளும். அதனால் இலை விழும்போது கிளைக்குப் பச்சைக்காயம் இருக்காது. ஆக, இலையை விடுவது உயிருள்ள கிளை செய்யும் வேலை. செத்த கிளையால் அது முடியாது. அதில் இலை பழுப்பாகக் காய்ந்து, விழத் தெரியாமல் குளிர்காலம் முழுக்கத் தொங்கும்.

அந்த வருஷம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கிய நேரத்தில் அணிலின் வலது கால் பெருவிரல் கறுத்தது.

பூட்ஸின் அடித்தட்டைத் துளைத்து ஒரு சின்ன ஆணி உள்ளே வந்திருந்தது. அதோடேயே நாள் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறான். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றி அவள்தான் ரத்தத்தைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்காகச் சர்க்கரை நோய். கால் எப்போதோ மரத்துப்போயிருந்தது. புண் ஆறவில்லை. விரல் முதலில் சிவந்தது, பிறகு ஊதா, பிறகு கரி.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா காலை அங்கங்கே தொட்டுப் பார்த்தாள்.

"காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. குழாயைச் சரிபண்ண முடியுமான்னு பாக்கறேன். விரலை எடுத்துத்தான் ஆகணும். இப்ப எடுத்தா விரலோட போயிடும்."

"பெருவிரல் இல்லாம கிளையில எங்கம்மா ஊன்றது? எனக்கு இதான் பிழைப்பு."

"கால் இல்லாம எங்க ஊன்றுவீங்க?"

"சீசன் முடியட்டும். இலை கொட்டி முடிஞ்சதும் நானே வந்து படுக்கறேன்."

"உங்க விரலுக்கு சீசன் தெரியாது" என்றாள் டாக்டரம்மா. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் சிரித்தான். "உடம்பு பூரா சர்க்கரை தேங்கியிருக்காம். இலைக்குத் தேங்கினா செவப்பு. எனக்கு மட்டும் கறுப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிடுங்கள் என்று அன்றிரவே சண்டை போட்டாள். அவன் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"பாத்துச் சொல்லு. கீழேருந்து பாக்கற ஆளு நீதானே. விரல் செத்துப்போச்சு, ஒத்துக்கறேன். கால் எப்படி? உயிரா, சாவா?"

அவள் பார்த்தாள். ஒரு கிளையைப் பார்க்கிற பொறுமையோடு, அவசரமில்லாமல் பார்த்தாள். விரல் காய்ந்து வற்றியிருந்தது. நாற்றம் இல்லை. விரலின் அடியில், கறுப்பு முடிந்து தோல் தொடங்கும் இடத்தில், பேனாவால் வரைந்ததுபோல் ஒரு கோடு சுற்றி ஓடியது.

"கோடு விழுந்திருக்கு" என்றாள்.

"அப்ப?"

"உயிர்."

"உயிர்" என்று அவன் திருப்பிச் சொன்னான். "தானாக் காய்ஞ்சு தானா உதிரும். கத்தியும் வேணாம், டாக்டரும் வேணாம்."

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. காலையில் கட்டு மாற்றும்போது கோட்டைப் பார்ப்பாள், அங்கேயே இருக்கும். நிம்மதியாகக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். ஒருநாள் கோடு ஒரு நூல் மேலே ஏறியிருப்பதுபோலத் தோன்றியது. நேற்று எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். இங்கேதான் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு இரண்டு நாள் அவனே கட்டிக்கொள்கிறேன் என்றான். சரி என்று விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்துத் தெருவில் வேலை நடந்தது. அகலமான தெரு, இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். இலை பாதிக்குமேல் கொட்டியிருந்தது. அணில் உச்சிக்குக் கிட்டத்தில் இருந்தான். மேஸ்திரி அவள் பக்கத்தில் வந்து நின்று, எதிர்மரத்தில் ஒரு கிளையைக் காட்டினான். மற்றக் கிளைகள் மொட்டையாகிக்கொண்டிருக்க, அதில் மட்டும் பழுப்பு இலைகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

"அக்கா, அதுல மட்டும் இலை கெட்டியா இருக்கே. நல்ல கிளைதானே?"

"செத்தது" என்றாள் அவள். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "கோடையிலேயே செத்திருக்கு. அதான் விழல. விழவைக்கறதுக்குக் கிளையில உயிர் வேணும்."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள். இத்தனை நாளில் அவன் கால்விரல் ஒரு துளிகூட ஆடவில்லை. தொட்டால் கட்டைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தது இலையை. கிளையை அவள் பார்க்கவேயில்லை.

"இறங்குங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"என்ன?"

"இறங்குங்கன்னா இறங்குங்க!"

"பைத்தியமா உனக்கு? ரம்பம் பாதியில இருக்கு!"

அவள் கயிற்றை இழுத்து அவன் கனத்தைத் தன் இடுப்பில் வாங்கினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கயிறு தூக்கியதில் அவன் கால் கிளையைவிட்டு எழும்பியது, பிடித்துக்கொள்ள வழியில்லை. காலை உதைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிளையாகக் கடந்து இறங்கினான். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "விடுடீ! மானத்தை வாங்காதே! வீட்டுக்கு வா, பேசிக்கறேன்!" தரையில் கால் பட்டதும் அவன் நிற்கவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். நெற்றி அனலாகக் கொதித்தது.

அவள் பூட்ஸைக் கழற்றினாள். பக்கத்தில் நின்ற மேஸ்திரி வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். கட்டு முழுக்க ஈரம். பாதம் வீங்கிப் பளபளத்தது. கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி ஒரு சிவப்பு ஓடியிருந்தது.

"ரெண்டு நாளா இப்படியா?" என்று கேட்டாள்.

"சொன்னா நீ ஏறவிட மாட்ட" என்றான் அவன், குழந்தைபோல.

மேஸ்திரி தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனான். அதே டாக்டரம்மாதான் இருந்தாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், உடனே எடுக்காவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்றாள் டாக்டரம்மா. அவனுக்கு நினைவு போய்ப் போய் வந்தது. அவனிடம் கைநாட்டுகூடக் கேட்கவில்லை, அவளையே கேட்டார்கள். "எடுங்க" என்றாள்.

நினைவு தெளிந்த அன்று அவன் போர்வையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அது?"

"எரிச்சுட்டாங்களாம்."

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வச்சு என்ன பண்றதுன்னு விட்டுட்டேன்."

"பிடிவாதம் பிடிச்சா ஒத்தக்கால்ல நிக்கறேன்னு திட்டுவியே. இனிமே திட்ட முடியாது பாரு" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முகம் கோணிப்போயிற்று. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். நான்தானே உயிர் என்று சொன்னேன் என்று அவள் அவனிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் அது ஒரு மூன்றாவது ஆளைப்போல வீட்டுக்குள் இருந்தது.

குளிர்காலம் வந்தது. மேஸ்திரி வேறோர் ஆளை ஏற்றினான். அவனுக்குப் பேச்சே கிடையாது. அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்வதோடு சரி. அவள் முன்போல் உடனே சொல்வதில்லை. ஒரு கிளையை மூன்று பக்கமும் சுற்றி வந்து பார்ப்பாள். தெரியாததைத் தெரியவில்லை என்பாள். வேலை தாமதமாகிறது என்று மேஸ்திரி முணுமுணுத்தான். அக்கா என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் அவனுடைய இடது காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஒருநாள் விரல்களை விரித்துத் துடைக்கும்போது சுண்டுவிரலின் உட்பக்கத்தில் பருப்பளவு கறுப்பு இருந்தது. அழுக்கோ என்று ஈரத்துணியால் தேய்த்தாள். போகவில்லை.

"என்ன?" என்றான்.

"கறுப்பு."

தெருவில் வேன் ஹார்ன் அடித்தது.

"நீ போ. சாயங்காலம் பாத்துக்கலாம்."

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். "இன்னிக்கு வரல" என்றாள், கீழே வேனில் வந்திருந்த மேஸ்திரியிடம்.

"அக்கா, கயிறு யாரு பிடிப்பா? அவன் எப்படி ஏறுவான்?"

"ஏற வேண்டாம்." ஜன்னலைச் சாத்தினாள். அடுப்பை அணைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அவன் கைத்தாங்கல் கட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

"சின்னதுதானே" என்றான் அவன். "எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேன். நீதானே பாத்துச் சொல்ற ஆளு."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டப் போறோம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டான். வீடு மாடியில். படிக்கட்டு குறுகல்; ஒரு கட்டை அவன் கக்கத்தில், மற்றொன்று அவள் கையில், அவன் இன்னொரு கை அவள் தோளில். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றான்.

"விரல்னா விரல். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்றான். "நீ ஒண்ணும் பேசாத. நானே சொல்லிடறேன்."

அவள் முன்னால் ஒரு படி இறங்கி, அவன் கட்டையின் முனை அடுத்த படியில் நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.