தண்ணீர் பிந்திய பிள்ளை

முள்ளிவாய்க்கால் கரையில் மருத்துவிச்சி மதலேனாளின் கைபடாமல் பிறந்தவர்கள் அந்நாளில் குறைவு. தண்ணீரால் மறுபடி பிறவாத ஆன்மாவுக்கு மோட்சமில்லை என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார். அவரோ மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார். ஆகையால், சாகக் கிடக்கும் சிசுவுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்க மதலேனாளைப் பழக்கி வைத்திருந்தார். முதலில் தண்ணீர், பிறகுதான் மற்ற வேலை. அப்படி வார்த்த சிசுக்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் மோட்சம் போயின என்று அவள் ஆறுதலாக இருந்தாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு அடுத்த வருடம், அவளுடைய தம்பி சவிரிமுத்துவின் மனைவி பிலோமினாவுக்கு ஏழு வருடம் காத்திருந்து ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, நாவற்பழ நிறத்தில். சொந்த இரத்தம் அல்லவா, சாகவிட மனம் வரவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு வாயில் ஊதினாள், முதுகில் தட்டினாள். பிள்ளை இரண்டு தரம் விக்கியது. பிறகு அதுவும் இல்லை. செம்பை எடுத்து வார்த்தபோது, வெறும் உடம்பில் வார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மச்சாள், தண்ணி வார்த்தனீங்களோ?" பாயில் கிடந்த பிலோமினா கேட்டாள்.

வாசலில் கோயில் மூப்பர் நின்றார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் வேலிக்கு வெளியே, தாழைப்பற்றைக்குள்தான் புதைப்பார்கள். "ஆண்டவருக்கு முன்னாலை சொல்லு மதலேன். உயிர் இருக்கேக்கையோ வார்த்தனி?"

"ஓம். இருக்கேக்கதான்."

பிள்ளையை வேலிக்கு உள்ளே அடக்கினார்கள். "எங்கடை பிள்ளை சம்மனசாய் மோட்சத்திலை இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே பிலோமினா தேறினாள். பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை.

மதலேனாள் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை விட்டாள். போனால் பொய்யைத் திருத்தச் சொல்லுவார். திருத்தினால் பிலோமினா அதே பிள்ளையை இரண்டாம் தரம் பறிகொடுப்பாள். சங்கீர்த்தனம் இல்லாமல் பூசையில் சற்பிரசாத அப்பமும் இல்லை, சொல்லாத பாவத்தோடு செத்தால் மோட்சமும் இல்லை. பாஸ்குத் திருநாள் பூசையில் எல்லோரும் அதை வாங்க எழுந்து போக, அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பாள்.

"என்ன மதலேனக்கா, ஒளிச்சு வைச்சிருக்கிற ஆம்பிளையைச் சுவாமிக்குச் சொல்லப் பயமோ?" என்று கருவாடு காயவைக்கிற பெண்கள் சீண்டுவார்கள்.

"ஓமடி, உன்ரை மனுசன்தான்" என்பாள். அவர்கள் சிரிக்க அவளும் சிரிப்பாள்.

அறுபத்தாறில் வயிற்றில் கட்டி வந்து படுக்கையில் விழுந்தாள். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலுக்கு வந்த சுவாமியார் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பிலோமினா போகமுன் குனிந்து, "பயப்பிடாதேங்கோ மச்சாள். நீங்கள் மோட்சத்துக்கு அனுப்பின என்ரை பிள்ளை உங்களைக் கூட்டிப்போக வரும்" என்றாள்.

சுவாமியார் கதவைச் சாத்திவிட்டு அருகில் இருந்தார். "சொல்லு மகளே."

"சொல்ல ஒண்டுமில்லை, சுவாமி."