கழற்றிய கதவும் அக்காவின் ஆடி அறையும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய குணங்களைச் சொல்வதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் அக்காவைப் பற்றிப் பாதிதான் எழுதியவனாவேன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், என் வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்தை வெளியேற்றுவதற்காக அவர்கள் வீட்டு வாசற்கதவைக் கழற்றினேன். கதவைக் கரையான் அரித்துவிட்டது, பழுது பார்த்து மாட்டித் தருகிறேன் என்று பொய் சொல்லித் தச்சரை அனுப்பினேன். கதவில் கரையான் இல்லை. அதைத் திரும்ப மாட்டும் எண்ணமும் எனக்கு இல்லை. அந்த வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பெண் குளிப்பதற்காகத் தாயும் தகப்பனும் வாசலில் ஆளுக்கொரு முனையாகப் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான்கு நாள் அப்படி இருந்துவிட்டு ஐந்தாம் நாள் போய்விட்டார்கள். நான் நினைத்தது நடந்தது.

இனி அக்காவைப் பற்றி.

அக்கா ரெட்டியார்பாளையத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு நாங்கள் இருவர்தான். அப்பா மாட்டுவண்டி ஓட்டிச் சேர்த்ததெல்லாம் ஒரு மனையும் அதில் இரண்டு ஓட்டு வீடுகளும். என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, வயது வந்ததும் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். என் புத்தகங்கள் அவர் சம்பளத்தில் வந்தவை. நான் படித்து முடித்து, பத்திரங்கள் எழுதும் நோத்தேர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, ஆலையில் கூட வேலை செய்த பெண்களிடம், “என் தம்பி பிரெஞ்சுல கையெழுத்துப் போடுவான்” என்று சொல்லி மிட்டாய் கொடுத்தாராம்.

சாரத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமாவும் ஆலைத் தொழிலாளிதான். குழந்தை இல்லை. மாமா நாற்பத்தைந்து வயதில் காலமானார். சில ஆண்டுகளில் ஆலையும் மூடப்பட்டது. அப்பாவுக்குப் பிறகு மனையில் பாதி அக்காவுக்கு உரியது. “எனக்குச் சாரத்துல ஒரு வீடு இருக்கு. ஒரு ஆளு எத்தனை வீட்டுல படுக்க முடியும்?” என்று சொல்லி, தன் பங்கையும் எனக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான்தான். அவர் எனக்கு விட்டுக்கொடுத்த அந்த இரண்டாவது ஓட்டு வீட்டிலிருந்துதான் கதவைக் கழற்றினேன்.

அதில் குடியிருந்தவர் கதிர்வேலு. அவரும் ஆலையில் வேலை இழந்தவர். மனைவி பூங்காவனம் அக்காவோடு நூற்புப் பிரிவில் வேலை செய்தவர். வாடகை பாக்கி வைத்தவர்கள் அல்ல. எனக்குத்தான் அவசரம். தை மாதம் என் மகன் கல்யாணம். அதற்குள் ஓட்டு வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்ட வேண்டும். ஆனி கடைசியில் காலி செய்யச் சொன்னேன். கதிர்வேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஆடி பொறக்கப் போவுது சார். ஆடியில யாரு வீடு குடுப்பாங்க? ஆவணி ஒண்ணாந்தேதி போயிடறோம்.”

“நான் படிச்சவன். ஆடி கீடின்னு எங்கிட்டப் பேசாதீங்க” என்றேன்.

அவர் சொன்னது உண்மை. நம் பக்கத்தில் ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. வீட்டுக்காரர்களும் வாடகைக்கு விடுவதில்லை. அந்த மாதத்தில் வீட்டை இழப்பவருக்கு ஊரெல்லாம் காலி வீடு இருந்தாலும் போக இடம் இருக்காது. இது தெரியாதவன் அல்ல நான்.

அவர்கள் போன மறுவாரம் அக்கா வந்தார். மூன்று சக்கர வண்டி ஒன்றையும் கூட்டி வந்திருந்தார். கதவில்லாத வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வீடு கட்டறேன்னு சொன்னியே, கடக்காலே தோண்டலியே?”

“மனை பூஜை ஆவணியிலதான் அக்கா. ஆடியில போடக்கூடாதுன்னு வீட்டுல சொல்றாங்க.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் என் முன்னால் நிற்கிறது. கோபத்தைவிட, ஆளை அடையாளம் தெரியாதவர் பார்ப்பதுபோல் இருந்தது.

“அவங்களுக்கு இல்லாத ஆடி உனக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு?”

அக்கா கொல்லைப் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கதவு உனக்கு வேணுமா?”

“வேணாம்.”

கொல்லையில் சாத்தி வைத்திருந்த கதவை வண்டிக்காரரோடு சேர்ந்து தானே தூக்கி ஏற்றினார். என்னைக் கைகொடுக்கச் சொல்லவில்லை. வண்டியோடு நடந்தே சாரத்துக்குப் போனார்.

சாரம் வீட்டின் பின்னால் விறகு போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்தது. அதற்குக் கதவு கிடையாது. அக்கா அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கதிர்வேலு குடும்பத்தை அங்கே வைத்திருந்தார். என் வீட்டுப் பச்சைக் கதவை அந்த அறைக்கு மாட்டினார். மாட்டுவதற்கு முன் தச்சரிடம் சொல்லி, பூட்டுப் போடுவதற்காக வெளிப்புறம் இருந்த கொக்கியைப் பிடுங்கிவிட்டார். உள்பக்கத் தாழ்ப்பாளை மட்டும் விட்டுவைத்தார். உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் தடுக்கவோ பூட்டவோ முடியாத கதவு அது. அவர்கள் எல்லாரும் வெளியே போகும்போது அக்காவே அறைக்குக் காவல் உட்கார்ந்திருப்பார்.

தெருவில் பேச்சு எழாமல் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் கேட்டாராம்: “ஆடியில குடி வெக்கறியே, ஆகாதுன்னு தெரியாதா?”

“குடி யாரு வெச்சது? விருந்துக்கு வந்திருக்காங்க. ஆடியில மாப்பிள்ளையே மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்து உக்காந்துக்கறான். இவங்க வரக் கூடாதா?”

அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் தொடங்கியது. ஆடியிலோ மார்கழியிலோ வீடு இழந்தவர்கள் அந்த அறைக்கு விருந்தாளியாக வந்தார்கள். தெருவில் அதற்கு ஆடி அறை என்றே பெயர் நிலைத்தது. விருந்தாளியிடம் யாரும் வாடகை கேட்பதில்லை. எப்போது வந்தாய், எப்போது போவாய் என்று கேட்பதில்லை. முதல் வேளைச் சோறு அந்த வீட்டார் ஆக்கிப் போட வேண்டும். சாதி சனம் பார்க்காமல் அக்கா ஆக்கிப் போட்டார். வந்தவர்கள் தலை குனியாமல் சாப்பிட்டார்கள். பிரெஞ்சும் சட்டமும் படித்த எனக்கு இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. ஊர் வழக்கத்தை உடைக்காமலே அதற்குள் ஒரு குடும்பத்துக்கு இடம் கண்டுபிடித்தவர் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

ஆலையில் வேலை இழந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அக்காவோடு சேர்ந்தார்கள். அறைக்கு ஆள் வருவதற்கு முன்பே, வீடு பறிபோவதைத் தடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். காலி செய்யச் சொன்னதை எந்தக் குடும்பமும் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை, கடைசி நாளில்தான் தெரிகிறது என்பதைக் கவனித்தார். அதன்பின் தெருவில் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, “வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?” என்றுதான் கேட்பார். கேட்டுக் கேட்டு அது சாரத்தில் நலம் விசாரிக்கும் பேச்சாகவே ஆகிவிட்டது.

சேதி கிடைத்தால் நான்கு பெண்களோடு வீட்டுக்காரரைப் பார்க்கப் போவார். பின்னாளில் ஒருமுறை நானும் உடன் போனேன். வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார்.

“என்ன, மில்லு கேட்டுக்கு வந்த மாதிரி கும்பலா வந்துட்டீங்க?”

“மில்லு கேட்டுன்னா செருப்போட வந்திருப்போம். வெயில்ல வந்தோம், முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க.”

தண்ணீர் கொடுத்த பிறகு அவரால் கடுமையாகப் பேச முடியவில்லை. அக்கா அவரைக் குறை சொல்லவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. “வீடு உங்களுது. தேதி நீங்களே சொல்லுங்க. பசங்க பரிட்சை மட்டும் முடிஞ்சிருந்தா நல்லது” என்றார். அவர் யோசித்து, பரீட்சை முடிந்து பத்து நாள் தள்ளி ஒரு தேதி சொன்னார். நான்கு பெண்கள் முன்னிலையில் சொன்ன தேதி. அந்தத் தேதிக்குள் அந்தக் குடும்பம் வேறு வீட்டில் பால் காய்ச்சிவிட்டது. சாரத்தில் எந்த வீடு எப்போது காலியாகும் என்பது அக்காவுக்கு மனப்பாடம். சம்பாதிக்கும் ஆள் நோயில் படுத்துவிட்டதால் வாடகை நின்ற வீடு என்றால், பெண்கள் தங்களுக்குள் திரட்டி ஒரு மாதம், இரண்டு மாதம் தாங்கிக்கொள்வார்கள்.

நாளடைவில் வீட்டுக்காரர்களே அக்காவைத் தேடி வரத் தொடங்கினார்கள். தகராறு இல்லாமல் சொன்ன தேதியில் வீடு கைக்கு வரும் என்ற நம்பிக்கை. இரண்டு பக்கமும் நம்பிய மனிதர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்?

ஓய்வு பெற்றபின் நான் அக்காவிடம் போய், உதவி கேட்டு வருபவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன் என்றேன். “எழுது” என்றார், அவ்வளவுதான். பல ஆண்டுகள் எழுதினேன். அந்தப் பச்சைக் கதவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் எழுதினேன். அந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் என்னை, “பெரியவர் தங்கமானவர்” என்பார்கள். நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது நான் செய்த இரண்டாவது குற்றம்.

சென்ற ஆண்டு பங்குனியில் அக்காவைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பிற்பகலில் அவர் தெளிவாக இருந்தபோது கேட்டேன்.

“அக்கா, அந்தக் கதவைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?”

“எங்கிட்ட ஏன் கேக்கற? கதவு இல்லாம இருந்தது நானா?”

அதன்பின் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனார். சித்திரையில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பூங்காவனத்தைப் பார்க்கப் போனேன். கதிர்வேலு இப்போது இல்லை. பூங்காவனம் மூத்த மகள் சுமதியோடு இருக்கிறார். அன்று பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருந்த சுமதிதான் இப்போது அக்காவின் இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். இருவர் முன்னிலையிலும் சொன்னேன். கதவில் கரையான் இல்லை என்று சொன்னேன். சாரத்து அறையில் இருப்பது அந்தக் கதவுதான் என்றும் சொன்னேன்.

“தெரியும் மாமா” என்றாள் சுமதி. “அதும் உள்பக்கத்துல அப்பா எனக்கும் தங்கச்சிக்கும் ஆணியால உசரக் கோடு போட்டிருக்காரு. பெரியம்மா வீட்டுல பார்த்த அன்னிக்கே தெரிஞ்சிக்கிட்டேன்.”

இத்தனை ஆண்டுகள் நான் எழுதிய மனுக்களை அவள் என் எதிரில் நின்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

பூங்காவனம் மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இவ குளிக்கறதுக்கு நானும் அவரும் புடவையப் புடிச்சிக்கிட்டு நின்னோம். ரோட்டுல போறவங்க பார்த்துட்டுப் போனாங்க. நீங்கதான் எழுதறவராச்சே, அதை எழுதுங்க.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எழுதச் சொன்னதை இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதிவிட்டேன்.

அந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் நான் கட்டிய மாடி இன்றும் இருக்கிறது. மகன் பிரான்சுக்குக் குடிபோனபின் காலியாகக் கிடந்தது. அதை இரண்டாவது ஆடி அறையாக வைத்துக்கொள்ளச் சுமதியைக் கேட்டேன். பச்சைக் கதவைக் கொண்டுவந்து மாட்டலாமா என்றும் கேட்டேன்.

“அது பெரியம்மா மாட்டின எடத்துலயே இருக்கட்டும். நீங்க புதுசு போடுங்க. வெளியில கொக்கி வேணாம். அப்புறம் மாமா, வர்றவங்களுக்கு முதல் சோறு நீங்கதான் ஆக்கணும்.”

“எனக்குச் சமைக்கத் தெரியாதேம்மா.”

“கத்துக்குங்க. படிச்சவருதானே?”

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவரைச் சுமந்து சென்ற சாரத்துத் தெருக்காரர்களுக்கும், கோரிமேட்டுக்கு முறை வைத்து வந்து துணையிருந்த ஆலைப் பெண்களுக்கும், எனக்குச் சாம்பார் வைக்கக் கற்றுக்கொடுத்த சுமதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னைத் தன் வீட்டுக்குள் உட்கார வைத்துக் கேட்ட பூங்காவனம் அவர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது.

கடந்த ஆடியில் என் மாடிக்கு முதல் விருந்தாளிகள் வந்தார்கள். கட்டட வேலையில் கால் முறிந்த ஒருவர், அவர் மனைவி, ஏழு வயது மகள். வீட்டுக்காரர் அவர்கள் வீட்டுக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டார். ஒரு மூட்டைத் துணியும் ஒரு குக்கரும்தான் கையில் இருந்தன. நான் ஆக்கிய சோற்றையும் சாம்பாரையும் மாடிக்கு எடுத்துப் போனேன். குழந்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

“தாத்தா, உப்பு போடலியா?”

தாய் பதறிப்போய் அதன் தொடையில் தட்டினார். கீழே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

படியில் இரண்டடி இறங்கியிருப்பேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.