இலுப்பூருக்குக் கொண்டுபோன தாண்டல் படம்

பங்குனியில் இலுப்பூருக்குப் போனது ஒரு படம் கொடுக்கத்தான். தைப் பொங்கலுக்கு அங்கே நடந்த சடுகுடுவில் மாணிக்கம் என்ற ஆட்டக்காரனை எடுத்திருந்தேன். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அவன் கையிலேயே கொடுக்க ஆசை.

புதுக்கோட்டையில் காலை ஏழரை பஸ். அன்னவாசல் வழியாகப் பதினெட்டு மைல், ஒன்றேகால் மணி நேரம், சீட்டு எண்பது காசு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் சொல்கிற கணக்கு. கூடக் குறைய இருந்தால் சண்டைக்கு வராதீர்கள். மடியில் சட்டத்தைப் பார்த்த கண்டக்டர், "என்னண்ணே, பொண்ணு படமா?" என்றார். "மாப்பிள்ளை படம். ஒங்க வீட்டுல பொண்ணு இருந்தா சொல்லுங்க, பையன் நல்லாத் தாண்டுவான்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

என் பெட்டிக் கேமராவுக்கு வேகம் பத்தாது. ஓடுகிறவன் புகையாகத்தான் விழுவான். ஆனால் எம்பியவன் கீழே இறங்குமுன் கண்ணிமைக்கும் நேரம் அந்தரத்தில் நிற்பான். அவன் முட்டி மடங்கும்போதே விசையை அமுக்கினால் அது கிடைக்கும். பன்னிரண்டு படச் சுருளில் பதினொன்றைப் புகையாக்கி, ஒன்றில் பிடித்தேன். பிடிக்க வந்த மூன்று பேர் கை கீழே, மாணிக்கம் மேலே, நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பிய தலை, காலிலிருந்து உதிரும் மண்கூடத் தெரிந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஆட்டத்துக்கு முன்னால் அவன் கேட்டிருந்தான்: "அண்ணே, என்னை நிக்கவச்சு ஒண்ணு எடுங்கண்ணே. இதுவரைக்கும் படமே எடுத்ததில்ல."

"நின்னா நீயும் பந்தக்காலும் ஒண்ணுதாண்டா. தாண்டு, எடுக்கிறேன்" என்று விரட்டிவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே ஒரு மைல் நடை. வீட்டில் அவன் அக்கா மட்டும் இருந்தாள்.

"மாணிக்கம் எங்க ஆத்தா? இன்னும் தாண்டிக்கிட்டுத்தான் இருக்கானா?"

"மாசிக் கடைசியில தண்ணி பாய்ச்சப் போனான். பாம்பு தொட்டிருச்சுண்ணே."

சட்டத்தை மறைக்கப் பார்த்தேன். அவளே கைநீட்டி வாங்கினாள். "அவன் படமா? வச்சுக் கும்பிட ஒண்ணுமில்லயேன்னு கெடந்தோம்" என்று உள்ளே போய், சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். விரல் கண்ணாடிக்கு மேலேயே நின்றுவிட்டது.

"நெத்தி எங்கண்ணே?"

"அங்கிட்டுத் திரும்பியிருக்கான் ஆத்தா."

"பிலிமைத் திருப்பிப் போட்டுக் கழுவினா மொகம் வராதா?"

"வராது ஆத்தா" என்றேன். அவள் படத்தில் அவன் பிடரியில் பொட்டு வைத்தாள்.

வீட்டுக்கு வந்து மீதிப் பதினொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒன்றிலும் அவனுக்கு முகமில்லை.

ஆட்டத்தைப் படமெடுக்கப் போகிறவர்கள் மேற்கு வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். பந்தயத்தைப் பார்க்காதீர்கள், முட்டியைப் பாருங்கள். பறக்கிறவனைப் பிடித்துவிட்டால் வருகிற சந்தோஷம் வேறெதிலும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஆட்டம் தொடங்குமுன் எவனாவது வந்து நிற்கிறேன் என்றால், எடுத்துவிடுங்கள். விறைத்துப்போய், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் நிற்பான். நிற்கட்டும்.